துப்பாக்கிக்குப் புளி

எதையும் பளபளவென்று தேய்த்து வைத்தால் நல்ல மருமகள் என்று பெயர் வாங்கிவிடலாம் என நம்பித்தான் நான் புதுச்சேரிக்கு வாழ வந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம், எலெக்‌ஷன் நேரம். கல்யாணமாகி இருபதே நாள்.

கருவடிக்குப்பத்து வீட்டில் நான், கணவர், மாமனார் மூன்றே பேர். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. மீசை அதிகம், பேச்சு குறைவு. அந்த இருபது நாளில் என்னிடம் பேசியது "சாப்ட்டியாம்மா" மட்டும்தான். அவருடைய அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் அவருக்கு உயிர். எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சாயங்காலம் கொண்டுபோவதற்காக அதைக் கழற்றித் துடைத்து, குழலை வராந்தாவில் பேப்பர் மேல் வைத்தார். எழுந்து எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று தூங்கப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். (இருந்தால் நான் ஏன் நானாகிறேன்?) துருப்பிடித்த கேட்டும், கணவர் வாங்கி வைத்திருந்த சில்வர் ஸ்ப்ரே டப்பாவும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. மாமா எழுந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று கேட்டுக்கு அடித்துத் தள்ளினேன். கடல் காற்று என்று ஒன்று இருப்பது நினைவில்லை. திரும்பிப் பார்த்தால், கேட்டுப் பக்கமிருந்த குழல் முழுக்க அம்மை போட்டதுபோல வெள்ளிப் புள்ளிகள்.

பக்கத்திலேயே தின்னர் பாட்டில் இருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. தின்னர் பெயின்ட்டைக் கரைக்கும். குழலின் கறுப்பும் பெயின்ட்தானே, அதுவும் கரைந்துவிட்டால்? பாதகமில்லாதது புளிதான். எங்கள் ஊரில் குத்துவிளக்கு முதல் அண்டா வரை புளி எதையும் கெடுத்ததில்லை.

ஓர் உருண்டைப் புளி, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார். புள்ளி போயிற்று. கூடவே கறுப்பும் போயிற்று. ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தால் தெரிந்துவிடுமே என்று பக்கத்திலும் தேய்த்தேன். அது கூடிவிட்டதால் இந்தப் பக்கம் சரிக்கட்டினேன். கடைசியில் ஒரு குழல் கறுப்பாகவும் மற்றது எவர்சில்வர் டம்ளராகவும் நின்றது.

மாமா எழுந்து வந்துவிட்டார். அவர் கேட்கும் முன்பே அழுதேன்.

"எதால தேச்சம்மா?"

"புளி மாமா. உப்பு கொஞ்சம்."

குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளத்த கேட்டையும் தின்னர் பாட்டிலையும் ஒருமுறை பார்த்தார்.

"தின்னர் தொட்ட துணியால ஒத்தி எடுத்திருந்தா பெயின்ட்டு மட்டும் போயிருக்கும். இந்தக் கறுப்பு பெயின்ட்டு இல்லம்மா, இரும்புலயே ஏத்தின நெறம். தின்னருக்கு மசியாது. புளிப்புக்குத்தான் மசியும்."

ஸ்டேஷனுக்கு என்னையும் கூட்டிப்போனார். (தண்டனை என்றே நினைத்தேன்.) ஏட்டு காகிதத்தையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாங்க ஐயா, பழைய துப்பாக்கின்னு போட்டிருக்கு. இது பாதி புதுசா மின்னுது?"

"நம்பரு அதேதான், பாத்துக்க. எங்க மருமவ தேச்சுக் குடுத்தா. வூட்ட நல்லா வச்சிக்கிறா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

துப்பாக்கி திரும்பி வந்தது. மறுபடி கறுப்பேற்ற ஆள் இருக்கிறார் என்றார்கள். மாமா கடைசிவரை ஏற்றவில்லை. யார் வந்தாலும் வெளுத்த குழலைக் காட்டி, "இது மருமவ சைடு" என்பார். நான் மீன் குழம்புக்குப் புளி ஊறவைத்தால் கூடத்திலிருந்து குரல் வரும்: "துப்பாக்கிக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்தக் கொழம்புக்குப் போடும்மா."

அவர் போய்ச் சில வருடம் ஆகிறது. துப்பாக்கியையும் அரசாங்கத்திடம் கொடுத்தாயிற்று. இப்போது அதைச் சொல்வது என் மகள், அதே குரலில். நானும் ஒரு கொட்டைப் பாக்கு அளவு புளியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கரைக்கிறேன்.