மிஸ்ஸியின் தோட்டத்துக்கு வந்த மான்கள்

எங்கள் தாமான் குடியிருப்பில் மிஸ்ஸியிடம் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. நர்ஸுகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இவருக்கு வேறு பெயர் ஒன்று இருப்பது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

லாயாங் லாயாங் ஊரில், எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீடு அவருடையது. பக்கத்திலிருந்த காலி நிலத்தில் காய்கறி போட்டார். அதையும் வார்டு மாதிரிதான் நடத்தினார். ரத்தம் குறைந்தவர்களுக்குக் கீரை, முட்டிவலிக்கு வெண்டைக்காய், சர்க்கரைக்காரர்களுக்குப் பாகற்காய். யாருக்கு எது என்று அவரே முடிவு செய்து, பையோடு வாசலில் வந்து நிற்பார்.

"எனக்குச் சுகர் இல்ல மிஸ்ஸி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வரப்போகுது தம்பி. வயித்தப் பாரு" என்றார்.

போன மழைக்காலத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் இருந்த மான் பண்ணையின் வேலி வெள்ளத்தில் சாய்ந்தது. வெளியே வந்த நாலைந்து மான்கள் நேராக மிஸ்ஸியின் தோட்டத்தைக் கண்டுபிடித்தன. முதல் நாள் கீரை போயிற்று. மறுநாள் பயற்றங்காய். ஒரே வாரத்தில் மிஞ்சியது ஒரு கத்தரிச் செடியும் பாகற்கொடியும்தான். பாகற்காயை மான்கள் ஒரு கடி கடித்துத் துப்பியிருந்தன. விளைவாக, நோய் வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் பாகற்காய் வரத் தொடங்கியது. மூன்றாவது வாரம் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க போயி அந்த மான விரட்டுறீங்களா, இல்ல நான் போகவா?"

மனித வாடை மான்களுக்கு ஆகாது என்று மிஸ்ஸி எங்கோ படித்திருந்தார். முடிவெட்டும் கடையிலிருந்து முடியை மூட்டையாகக் கட்டிவருவது என் வேலையாயிற்று. கையுறை போட்டு மூட்டையைப் பிரித்து, பேன் இருக்கிறதா என்று சோதித்த பிறகே அதைப் பாத்திகளில் பரப்பினார். மறுநாள் காலை பார்த்தால், மான்கள் அந்த முடிமேல் படுத்துத் தூங்கிவிட்டுப் போயிருந்தன.

மிஸ்ஸி குனிந்து, மான்கள் படுத்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "சொகமா தூங்கியிருக்கு லா." அவர் குரலில் லேசாக ஒரு திருப்தி தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து, பக்கத்து வீட்டு ஃபோர்மேனும் நானும் ஒரு நாள் முழுக்க உழைத்து ஆளுயரத்துக்கு மீன்வலை கட்டினோம். மூன்றாம் நாள் காலை ஒரு மான் அதில் சிக்கிக் கிடந்தது. முன்னங்காலில் ரத்தம். அது உதைத்த உதையில் ஃபோர்மேனின் கண்ணாடி பாகற்பந்தல் மேல் போய் விழுந்தது. நாங்கள் இருவரும் கேட்டுக்கு வெளியே நின்று ஆலோசனை சொன்னோம்.

மிஸ்ஸி மருந்துப் பெட்டியோடு வந்தார். ஈரத் துண்டை மானின் கண்மேல் போட்டதும் அது அடங்கியது.

"ஒன்னும் இல்ல. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அதனிடம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் வந்து காலைப் பிடிங்க. பேஷண்ட்டு உங்களவிட தைரியமா இருக்கு" என்றார்.

புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, வெள்ளைக் கட்டுப் போட்டார். கத்தரிக்கோலால் எங்கள் வலையை வெட்டினார். எழுந்த வேகத்தில் மான் அந்த ஒரே கத்தரிச் செடியையும் மிதித்துவிட்டு ஓடியது.

அதற்குப் பிறகு தெருவில் புகார்கள் எல்லாம் அவருக்கே வந்தன. "உங்க பேஷண்ட்டு எங்க வாழைக்கன்ன தின்னுது மிஸ்ஸி" என்பார்கள். "கட்டு நனைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

ஒருவழியாகப் பண்ணைக்காரர்கள் லோரியோடு வந்து எல்லாவற்றையும் பிடித்தார்கள். மிஸ்ஸி லோரியை நிறுத்தி, மேலே ஏறி, அடிபட்ட மானின் கட்டை மாற்றி, எத்தனை வேளை மருந்து என்று எழுதிய தாளை டிரைவர் கையில் கொடுத்தார். லோரி போன பிறகு, தண்ணீரைத் திறக்காமலே குழாயைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்றார்.

"இனிமே கீரை நல்லா வரும் மிஸ்ஸி" என்றேன்.

"வரும். அங்க யாருக்குக் கட்டுப் பிரிக்கத் தெரியும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை என் காரில் பண்ணைக்கு அழைத்துப்போனேன். அவரைக் கண்டதும் அந்த மான் மறுகோடிக்கு ஓட்டம் பிடித்தது. மிஸ்ஸியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நொண்டவே இல்ல."

இது ஐந்தாவது ஞாயிறு. புண் எப்போதோ ஆறிவிட்டது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழரைக்கெல்லாம் குளித்து, காரைத் துடைத்து வைத்துவிடுகிறேன்.