இறையாண்மை காத்த இருமல்

அண்டை நாடுகள் ஐந்தும் ஒன்றுகூடிக் காசநோயை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்து பல வருஷங்கள் ஆகின்றன. முடிவு செய்ததே பெரிய காரியம். ஒழிக்கிற வேலையும் தங்கள் தலையில்தான் விழும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து நாடுகளிலும் ஏழைகளுக்குக் குறைவில்லை, கிருமிக்கும் குறைவில்லை. கிருமி எங்கே பிறந்தது என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. ஒவ்வொரு நாட்டின் புள்ளிவிவரப்படியும் அது பக்கத்து நாட்டிலிருந்து வந்தது.

ஆரம்பத்தில் கூட்டங்களில் பேசித்தான் முடிவெடுத்தார்கள். பேசப் பேசக் காசநோய் போய் ஆற்றுத் தண்ணீர் வந்தது, ஆற்றுத் தண்ணீர் போய் மீன்பிடிப் படகு வந்தது. ஒரு கூட்டத்தில் கண்ணாடித் தம்ளர் ஒன்று மூன்று நாடுகளைக் கடந்து நான்காவது நாட்டின் நெற்றியில் போய் இறங்கியது. அன்றோடு பேச்சே வேண்டாம் என்று புதிய நடைமுறை வந்தது. தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். பிறகு ஒரு நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் எந்தப் பக்கமிருந்தும் சத்தம் வராவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். சத்தம் வந்தால் அது அந்த நாட்டின் ஆட்சேபணை, தீர்மானம் தள்ளுபடி. எந்த மாதிரிச் சத்தம் என்று விதியில் விளக்கவில்லை. விளக்க வேண்டுமானால் அதற்கும் பேச வேண்டும் அல்லவா?

காசநோய்க் கூட்டத்துக்கு இப்படி ஒரு விதியை எழுதியவர்களில் ஒருவர்கூடக் காசநோயாளியைக் கிட்டத்தில் பார்த்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம்முடைய துணை இயக்குநர் காசநோய்த் துறையில் பாதி ஆயுள் குப்பை கொட்டியவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், நோயாளி என்று ஒரு பிராணி உலகத்தில் இருக்கிறது என்பதை அவ்வப்போது நினைத்துப் பார்க்கிற ஒரே அதிகாரி அவர்தான். காரணம், அவர் குடும்பத்திலேயே ஒரு நோயாளி இருந்தார். மனைவியின் தம்பி, லாரி டிரைவர், எல்லை தாண்டிச் சரக்குக் கொண்டுபோகிறவர். ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், இடையில் விட்டால் கிருமி மாத்திரைக்குப் பழகிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மாத்திரையை நர்ஸின் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது ஒழுங்கு. நர்ஸ் இந்த நாட்டில் இருந்தார், லாரி அந்த நாட்டில் ஓடியது. அந்த நாட்டு மருத்துவமனையில் போய்க் கேட்டால், நீங்கள் அவர்களுடைய நோயாளி என்று மிகுந்த மரியாதையோடு வெளியே அனுப்பினார்கள்.

ஆகவே துணை இயக்குநர் சொந்தக் கையாலேயே ஒரு தீர்மானம் எழுதினார். ஐந்து நாட்டுக்கும் பொதுவாக ஓர் அட்டை. அதைக் காட்டினால் எந்த நாட்டு மருத்துவமனையிலும் நோயாளிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதை நிறைவேற்றத்தான் அந்த வருஷக் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே மனைவி தம்பியைப் பற்றித்தான் பேசினாள். நர்ஸ் இரக்கப்பட்டுக் கையில் கொடுத்தனுப்பிய மாத்திரை தீரப்போகிறதாம், லாரி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம், எப்படியாவது இந்தத் தடவை முடித்துவிட்டு வர வேண்டுமாம். அவர் சரி சரி என்று தலையாட்டினார். தலையாட்டும்போதே இருமல் வந்தது. அது ஒரு மாசமாக வந்துகொண்டிருந்த இருமல்.

"ஏங்க, நீங்களும் போய் ஒரு தடவ சளியப் பரிசோதனை பண்ணிக்கக் கூடாதா? ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா உடனே வாங்கன்னு உங்க ஆபீஸ் வாசல்லயே போர்டு வெச்சிருக்கீங்களே."

"அது பொதுமக்களுக்கு" என்றார் துணை இயக்குநர்.

கூட்டம் நடந்த மண்டபம் பிரமாதமானது. வெளிக்காற்று ஒரு துளி நுழையாதபடி ஜன்னல்களை அடைத்து, குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓட விட்டிருந்தார்கள். காசநோய் பரவுவதற்கு இதைவிட வசதியான இடத்தைக் கிருமிகளே கமிட்டி போட்டுத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தலைவர் பொது அட்டைத் தீர்மானத்தை வாசித்து முடித்து, மணியைத் தட்டினார். ஒரு நிமிஷ மௌனம் தொடங்கியது.

பாதி நிமிஷம் வரையில் துணை இயக்குநர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். கைக்குட்டையை வாயில் அடைத்துப் பார்த்தார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். கடைசியில் மண்டபம் அதிர ஓர் இருமல் வெளியே வந்தது.

தலைவர் மணியைத் தட்டிவிட்டு, நம் நாட்டுப் பக்கமிருந்து சத்தம் பதிவாகியிருக்கிறது, அது ஆட்சேபணையா நோயா என்று வினவினார். தொண்டை வறட்சி என்று துணை இயக்குநர் சொல்லிப் பார்த்தார். தொண்டை வறட்சிக்கு விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. நோய் என்றால் காசநோய் மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிக்கே காசநோய் என்று உலகத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்றும் தலைவர் கனிவோடு நினைவூட்டினார். எதிர் வரிசையில் பக்கத்து நாட்டுக்காரர்கள் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார்கள். கிருமி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இத்தனை வருஷமாக அவர்கள் தேடிய அத்தாட்சி, கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

அமைச்சகத்திலிருந்து தூதுக்குழுவை நடத்தி வந்த பெரியவர் காதருகே குனிந்தார்.

"அரசாங்க ஊழியர்கள்ல ஒருத்தருக்குக்கூடக் காசநோய் கிடையாதுன்னு மந்திரி போன மாசம்தான் சபையில சொன்னாரு. அவரப் பொய்யராக்கிடாதீங்க."

துணை இயக்குநர் ஒரு கணம் மைத்துனரை நினைத்துப் பார்த்தார். அடுத்த கணம் மந்திரியை நினைத்துப் பார்த்தார். மந்திரி கொஞ்சம் பக்கத்தில் இருந்தார்.

"ஆட்சேபணைதான்" என்றார்.

"எதற்கு ஆட்சேபணை?"

"பொது அட்டைத் தீர்மானத்துக்கு."

"அதை எழுதியதே தாங்கள்தானே?"

"அதனாலதான் அதுல இருக்கிற ஆபத்து எனக்கு நல்லாத் தெரியும்."

இந்த ஒரு பதிலில் அவர் எங்கேயோ போய்விட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் வாயைத் திறந்துகொண்டிருக்கும் படம் வந்தது. ஒரே இருமலில் நாட்டின் மானத்தைக் காத்தவர் என்று தலையங்கம் எழுதினார்கள். என்ன ஆபத்து என்று யாருக்கும் தெரியாததால் நிபுணர்களை விட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நம் குடிமகனின் வயிற்றுக்குள் அந்நிய நாட்டு மாத்திரை அனுமதியின்றி நுழைவது நம் உள்விவகாரங்களில் தலையிடுவதாகும் என்று அவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். துணை இயக்குநர் இயக்குநர் ஆனார். இனி நாமும் அப்படியே அழைப்போம்.

மைத்துனரிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது. மாத்திரை தீர்ந்து, லாரியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வரப் பார்த்திருக்கிறார். அந்த நாட்டு எல்லைக் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். இந்த நாட்டுக் கேட்டில் அவர் இருமுவதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். உள்ளே விட்டால் பக்கத்து நாட்டிலிருந்து நோய் வருகிறது என்ற புள்ளிவிவரத்தில் ஒன்று கூடும், அது நல்லதுதான், ஆனால் நோயாளியும் ஒருவர் கூடுவாரே என்று மேலிடத்தைக் கேட்டிருக்கிறார்கள். மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. அதுவரை அவர் இரண்டு கேட்டுக்கும் நடுவில் லாரியிலேயே குடியிருந்தார்.

"டிவில பாத்தேன் மாமா. நல்லா இருமினீங்க" என்றார் மைத்துனர். "நம்ம குடும்பத்துல என்னைவிட யாரும் இரும முடியாதுன்னு இருந்தேன்."

கேட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று மைத்துனர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சமயம் பார்த்துச் சொல்வதாக இயக்குநர் வாக்குக் கொடுத்தார். அவர் சொல்லவில்லை. நாடே கொண்டாடுகிற ஆட்சேபணையைச் செய்தவரின் மைத்துனனே அந்த அட்டை இல்லாமல் தவிக்கிறான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும், எடுத்த போனைத் திரும்ப வைத்துவிட்டார்.

அவருடைய இருமலுக்கு வேண்டியது இதற்குள் நடந்துவிட்டது. துறையின் டாக்டர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பரிசோதித்து, காசநோயேதான் என்று சொன்னார். இயக்குநருக்குக் காசநோய் இருக்க முடியாது என்பதால், மருந்துக் கிடங்கிலிருந்து வரும் மாத்திரைகளை இயக்குநரே நேரில் தரப் பரிசோதனை செய்கிறார் என்று ஓர் ஏற்பாடு ஆயிற்று. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தரத்தைப் பரிசோதித்தார். மாத்திரைகள் முதல்தரமானவை. ஆறு மாசத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை.

அதில் நாலு மாத்திரையைத் தம்பிக்கு அனுப்பக் கூடாதா என்று மனைவி தினமும் கேட்டாள். ஒப்பந்தம் இல்லாமல் மாத்திரை எல்லைக்குப் போனால் கடத்தல் ஆகிவிடும் என்று அவர் விளக்கினார். கிருமி மட்டும் போய் வருகிறதே என்றாள். கிருமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றார்.

ஊரில் இதற்குள் இருமல் ஒரு நாகரிகமாகிவிட்டது. கல்லூரிப் பையன்கள் காதலைச் சொல்லுமுன் ஒரு தடவை இருமினார்கள். ஜவுளிக் கடைகளில் சட்டைக்குப் பொருத்தமாக இருமல் கைக்குட்டை விற்றார்கள். இளம் அதிகாரிகளுக்கு உறுதியான இருமல், நட்பான இருமல், பரிசீலிக்கிறோம் என்று பொருள்படும் இருமல் ஆகியவற்றைக் கற்றுத்தர ஒரு பயிற்சி நிலையமே வந்தது. மற்ற நான்கு நாடுகளும் சும்மா இருக்குமா? அவையும் தங்கள் குழுவில் ஆளுக்கொரு இருமல் ஆலோசகரைச் சேர்த்துக்கொண்டன. அரசு மருத்துவமனை வாசலில் நிஜமாகவே இருமிக்கொண்டு நின்றவர்களை மட்டும், பெரிய மனிதர்களைப் பார்த்து நக்கல் செய்கிறார்கள் என்று காவலாளி விரட்டினான்.

ஒரு நாள் காலையில் மைத்துனர், இரண்டு கேட்டுக்கும் நடுவில் நின்ற லாரியில் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்தபடி இறந்துபோயிருந்தார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கிப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இந்த இறப்பு தங்கள் கணக்கில் வராது என்று இரண்டு நாடுகளும் உடனடியாக அறிவித்தன. இத்தனை வருஷத்தில் இரண்டும் ஒரே கருத்தைச் சொன்னது அப்போதுதான். செய்தி கேட்டு இயக்குநர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி அழவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

இந்தத் தடவை தீர்மானத்தை நிறைவேற்றாமல் திரும்புவதில்லை என்று இயக்குநர் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனார். இருமலும் இல்லை, தடுக்கவும் எதுவும் இல்லை. கூட்டத்தில் இரண்டே விஷயங்கள் இருந்தன. முதலாவது, ஐந்து நாட்டுக்கும் பொதுவான காசநோய்த் தலைமைப் பதவியை உண்டாக்கி அதில் நம் இயக்குநரை அமர்த்துவது. இரண்டாவது, பொது அட்டை.

தலைவர் முதல் தீர்மானத்தை வாசித்து முடித்த சமயம், வெளியே லாரி டிரைவர்கள் கோஷம் போடுகிறார்கள், இறந்துபோன டிரைவருக்கு அஞ்சலி செலுத்தினால்தான் கலைவார்களாம் என்று ஒருவர் வந்து அவர் காதில் சொன்னார். சாப்பாட்டு வண்டி உள்ளே வர வேண்டியிருந்தது. ஆகவே தலைவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் தலை குனிந்து ஒரு நிமிஷம் நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை. இருமல் ஆலோசகர்கள்கூட இருமவில்லை.

நிமிஷம் முடிந்ததும் சட்ட நிபுணர் ஒருவர் எழுந்து, தீர்மானம் வாசிக்கப்பட்ட பின் ஒரு முழு நிமிஷம் சத்தமில்லாமல் கழிந்திருப்பதால் அது விதிப்படி நிறைவேறிவிட்டது என்று சுட்டிக்காட்டினார். தலைவரும் ஒப்புக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மைத்துனருக்காக நின்ற நிமிஷத்தில் இயக்குநருக்குப் பதவி கிடைத்துவிட்டது.

உட்கார்ந்ததும் பொது அட்டையை வாசித்தார்கள். மணி அடித்தது. மண்டபத்தில் ஈ பறந்தால் கேட்கும். நான்கு நாடுகளும் தங்கள் தங்கள் இருமலைத் தயாராக வைத்துக்கொண்டு, முன்னோடியானவர் முதலில் தொடங்கட்டும் என்று இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் இருமாவிட்டால் யாரும் இருமப்போவதில்லை. அமைச்சகப் பெரியவர் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்து, சத்தமில்லாமல் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார்.

"நம்ம நிலைப்பாடு மாறல. பதவி ஆர்டர்ல இன்னும் கையெழுத்தாகல."

இயக்குநரின் நெஞ்சில் சளி இல்லை, தொண்டையில் கரகரப்பு இல்லை. தரமான மாத்திரை சாப்பிட்டுத் தேறிய சுத்தமான நுரையீரல். அதிலிருந்து மணி மணியாக ஓர் இருமலை எடுத்து வைத்தார். மற்ற நாடுகள் நிம்மதியாகத் தொடர்ந்து இருமின. பிறகு சாப்பிடப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பல நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"என் தம்பியப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

"எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நின்னாங்க."

"யாரும் இருமலையா?"

"ஒருத்தர்கூட இல்ல."

அவள் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்தாள்.

"அப்ப எல்லாராலயும் முடியுது" என்றாள். "போகட்டும். அவன்தான் போயிட்டான், இன்னொருத்தி தம்பியாவது பிழைச்சுக்கட்டும். உங்களுக்கும்தான் இருமல் போயி மாசக்கணக்காச்சே. அட்டை இந்தத் தடவ நிறைவேறியிருக்கும், இல்லைங்க?"

இயக்குநர் இருமினார்.