யார் கையில் அடைக்கிறதோ

இந்த வருஷம் டெலவேருக்குப் போவதில்லை என்று வெர்லின் ஸ்டாஃபர் முடிவு கட்டிவிட்டான். சும்மா எடுத்த முடிவு இல்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிட்டு எடுத்த முடிவு. கண்ணாடியில் இருந்தவன் மறுப்பேதும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வெர்லின் பேச்சுக்கு மறுப்பு சொல்லாத ஆள் அவன் ஒருவன்தான்.

டெலவேரில் இருப்பது அவன் மனைவி நடீனின் தங்கை ஆர்லிஸ் வீடு. நவம்பர் கடைசியில் வருகிற தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு அங்கே போனால் வியாழக்கிழமை வான்கோழி, வெள்ளிக்கிழமை மிச்ச வான்கோழி, சனிக்கிழமை வான்கோழி சூப். நடுநடுவே ஆர்லிஸின் புருஷன் மெர்ரில் தன் முழங்கால் ஆபரேஷனைப் போனில் படம் காட்டிச் சொல்வான். தையல் பிரித்த கதைக்கே ஒரு சாயங்காலம் போய்விடும். எங்கள் பென்சில்வேனியாவில் மான் வேட்டை தொடங்குவதும் அதே சனிக்கிழமை காலையில்தான். ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாரும், பெண்பிள்ளைகளில் பாதிப் பேரும், காட்டுக்குள் விடியலுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் வெர்லின் மட்டும் வருஷா வருஷம் மெர்ரிலின் முழங்காலுக்குள் உட்கார்ந்திருந்தான். பாவம்தான், யார் இல்லையென்றார்கள்?

முடிவு எடுத்தாகிவிட்டது. நடீனிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்கு இரண்டு நாளாக வாய் வரவில்லை. தேங்ஸ்கிவிங்குக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்த அந்தச் சமயத்தில்தான் பார்சல் வந்தது.

நடீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்து, சமையலறை மேஜையில் காபியோடு உட்கார்ந்தாள்.

"அது என்ன பொட்டி?"

"மேகசின். என் பிஸ்டலுக்கு."

"நாலா?"

"ஒரிஜினல் ஒண்ணு வாங்குற காசுக்கு நாலு, நடீன். நாலு."

தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிப் பிடிக்குள் செருகுவார்களே, அந்தப் பெட்டிதான் மேகசின். வெர்லினிடமும் ஒரு காலத்தில் ஒரிஜினல்கள் இருந்தன. போன கோடையில் பிக்கப் வண்டியின் பின்கதவு மேல் வைத்துவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் வந்த சிமெண்டு லாரி மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

நடீன் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "இது ஏன் எங்கப்பா பல்செட்டு மாதிரி ஆடுது?"

"ஆட்டினா எதுவும் ஆடத்தான் செய்யும்."

"என் பிஸ்டலோடது ஆடாது."

"உன்னோடது கம்பெனிக்காரன் பேருக்குக் குடுத்த காசு. உள்ள இருக்கிறது அதே தகரம், அதே ஸ்பிரிங்."

"அதேவா?"

"அதே."

நடீன் காபியைக் கீழே வைத்தாள். "சரி. இந்த சனிக்கிழமை கிளப் போட்டியில இது ஒரு தடவைகூட தோட்டா சிக்கி அடைக்காம சுட்டுட்டா, நீ மான் வேட்டைக் கேம்ப்புக்கே போ. ஆர்லிஸ் வீட்டுக்கு நான் தனியாப் போயிக்கிறேன்."

வெர்லின் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தான். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற பேச்சை அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். "அடைச்சா?"

"டெலவேர் வரைக்கும் வண்டியை நீ ஓட்டுற. சிரிச்ச மூஞ்சியோட. மெர்ரில் முழங்காலைப் பத்தி நீயாவே ரெண்டு கேள்வி கேக்குற."

புதன்கிழமை வெர்லின் தனியாகச் சுடுதளத்துக்குப் போனான். நாலு மேகசினுக்கும் அடியில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டிருந்தான். எங்கள் துப்பாக்கி கிளப்பில் எல்லாரும் இப்படி அடையாளம் போடுவார்கள். எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. நடீன் சிவப்பு நகப்பூச்சில் போடுவாள்.

ஒன்றாம் நம்பர் மூன்றாவது தோட்டாவில் அடைத்தது. இரண்டாம் நம்பர் முதல் தோட்டாவிலேயே அடைத்தது. மூன்றாம் நம்பரில் தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நாலாம் நம்பரைச் செருகும்போதே அடிமூடி கழன்று, தோட்டா எல்லாம் அவன் பூட்ஸுக்குள் விழுந்தது. எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலையே மிஞ்சவில்லை. ஸ்பிரிங் சோப்ளாங்கி ஸ்பிரிங். தோட்டாவை மேலே தள்ளுகிற பிளாஸ்டிக் கட்டை குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

வேறு ஆளாக இருந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு டெலவேருக்குச் சட்டை மடித்து வைத்திருப்பான். வெர்லின் கண்ணாடி முன்னால் நின்று சத்தியம் பண்ணினவன். வீடு திரும்புகிற வழியிலேயே யோசனை வந்துவிட்டது. 'உள்ளே இருப்பது அதே ஸ்பிரிங்' என்று அவளிடம் சொன்னோமே. அதை உண்மையாக்கிவிட்டால் போச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் நடீன் பஸ்ஸோடு போன பிறகு காராஜில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். நடீனுடைய நாலு மேகசினையும் பிரித்தான். உள்ளே இருந்த ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் கட்டையையும் உருவித் தன்னுடைய மலிவுப் பெட்டிகளில் போட்டான். தன்னுடைய சோப்ளாங்கிகளை அவளுடைய பெட்டிகளில் அடைத்தான். வெளியே பார்த்தால் சிவப்பு சிவப்புதான், வெள்ளை வெள்ளைதான். ஒரு ஸ்பிரிங் கை நழுவி விட்டத்துக்குப் பறந்து, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் விழுந்தது. தேடி எடுத்து அவசரமாக மாட்டி முடிப்பதற்குள் வெளியே பிரேக் சத்தம் கேட்டது. செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் மனுஷன் அவ்வளவு மனநிறைவோடு இருந்து நான் பார்த்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆசை யாரை விட்டது? வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டில், மான்கறி சில்லிக் குழம்பை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஏன் நடீன், பரீட்சை எனக்கு மட்டும்தானா? ஒரிஜினலும் அடைக்கும். எதுவும் அடைக்கும்."

"என்னோடது அடைக்காது."

"அப்ப உனக்கென்ன பயம்? பந்தயத்தைப் பொதுவா வெச்சுக்கலாம். யார் கையில முதல்ல அடைக்குதோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா டெலவேர். நீ தோத்தா நான் கேம்ப்புக்குப் போறேன், இனிமே தேங்ஸ்கிவிங் எங்கேன்னு நான்தான் சொல்லுவேன்."

போட்டியில் பேர் வரிசைப்படி சுடுவார்கள். நடீன் முன்னால், வெர்லின் கடைசியில். முதலில் அடைக்கப் போவது எது என்று அவனுக்குத்தான் தெரியுமே.

நடீன் கரண்டியோடு நின்றாள். "யார் கையிலயா?"

"யார் கையில அடைக்குதோ."

"இன்னொரு தடவை சொல்லு."

"யார் கையில முதல்ல அடைக்குதோ."

"சரி, வெர்லின்."

அவள் அவனை வழக்கமாகக் கூப்பிடுவது வெர்ல் என்று. முழுப்பேரும் வந்தால் அவன் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். சில்லி ருசியில் அது காதில் ஏறவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நடீன் மேஜையைத் துடைத்துவிட்டு, எப்போதும் போலத் தன் மேகசின்களில் தோட்டா அடுக்க உட்கார்ந்தாள். இரண்டு மூன்று அழுத்தியிருப்பாள். கையை நிறுத்திக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"என்ன?" என்றான் வெர்லின்.

"ஒண்ணுமில்ல. தோட்டாவை அழுத்தினா எப்பவும் விரல் வலிக்கும். இன்னிக்கி வலிக்கவே இல்ல."

"வெந்நீர்ல பாத்திரம் கழுவினேல்ல. அது நல்லது விரலுக்கு."

"அப்படியா சொல்ற."

"ஆமா. டாக்டருங்களே சொல்றாங்க."

நாயை நடத்திக்கொண்டு வருகிறேன் என்று வெர்லின் எழுந்து போனான். போகும்போது விசில் அடித்தான். நாய்க்கே ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வந்தபோது நடீன் எல்லாவற்றையும் பையில் போட்டு மூடிவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நல்ல குளிர். சுடுதளத்தில் போட்டியை நடத்துகிற பெரியவர் ஹார்லன் பீப்ளர், நேரம் பார்க்கிற கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டோனட் பெட்டியருகே நின்றார். போட்டி ரொம்ப எளிது. இரும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும். சுட்டு விழ வைக்க வேண்டும். மேகசின் மாற்றி மாற்றி நாலு சுற்று. துப்பாக்கி அடைத்தால் அது உங்கள் தலைவிதி, கடிகாரம் நிற்காது.

வெர்லின் வந்ததிலிருந்து வாயை மூடவில்லை. கண்ணில் பட்டவரிடமெல்லாம் வெள்ளை நம்பர் மேகசினைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரிஜினலுக்கும் இதுக்கும் துளி வித்தியாசம் கிடையாது ஹார்லன். கண்ணை மூடிக்கிட்டு எதை எடுத்தாலும் ஒண்ணுதான்."

"நிஜமாவா?"

"என் பேரை எழுதிக்குங்க."

ஹார்லன் நடீன் பேரைக் கூப்பிட்டார். நடீன் கண்ணாடியும் காதுமூடியும் மாட்டிக்கொண்டு, நின்று சுடுகிற கோட்டுக்குப் போனாள். போனவள் பாதியில் திரும்பினாள்.

"வெர்லின், உன்னோட நாலையும் இப்படிக் குடு."

"எதுக்கு?"

"துளி வித்தியாசம் கிடையாதுன்னியே. நான் உன்னோடதைச் சுடுறேன். நீ என்னோடதைச் சுடு."

வெர்லின் கடித்த டோனட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தான். "அது... அது சரி வராது."

"ஏன்? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பிஸ்டல்தானே. பொருந்தும்."

"பொருந்தும். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"என்னோடது ஒரிஜினல். நீ போன கோடை வரைக்கும் அதைத்தானே சுட்டே?"

"இல்ல நடீன், உனக்கு எதுக்கு வீண் கஷ்டம். இது மலிவு சாமான். நட்டாத்துல விட்டுரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹார்லன் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "இப்பத்தானே என் பேரை எழுதிக்குங்கன்னே? இப்ப மலிவு சாமான்ங்கிறே?"

என்ன சொல்வான்? காரணத்தைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மான் போகும். ஒரு வினாடி வெர்லின் உண்மையிலேயே தன் இருதயத்தைத் தேடிப் பார்த்தான், ஒரு சின்ன மாரடைப்பாவது கிடைக்குமா என்று. அது கல்லு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாலையும் எடுத்துக் கொடுத்தான்.

நடீன் சுட்டாள். தட்டுகள் விழுந்தன. மேகசினை மாற்றினாள். விழுந்தன. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவதும் அப்படித்தான். அவள் அப்படிச் சுட்டு யாரும் பார்த்ததில்லை. கோட்டிலிருந்து வந்து அவன் தோளைத் தட்டினாள்.

"நீ சொன்னது வாஸ்தவம். அருமையான சாமான்."

கடைசியில் வெர்லின் முறை. மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. ஒருவேளை ஒரிஜினல் பெட்டிக்குள் போனதும் சோப்ளாங்கிகளுக்கு ரோஷம் வந்திருக்குமோ? விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டில் நின்றான்.

ஒரு தட்டு விழுந்தது. அடைத்தது. மேகசினின் அடியில் அறைந்து, இழுத்துச் சரி செய்து சுட்டான். அடைத்தது. அடுத்ததை மாட்டினான். அது மாட்டும்போதே அடைத்தது. தட்டுகள் எல்லாம் நிமிர்ந்து நின்று அவனை வேடிக்கை பார்த்தன. விடுகிற ஆளா அவன்? நாலையும் அடைத்து முடித்த பிறகுதான் துப்பாக்கியை இறக்கினான்.

"ஸ்டாஃபர்," என்றார் ஹார்லன், "நேரம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நான் காபி வாங்கிட்டு வந்துரட்டுமா?"

வீட்டுக்கு வண்டியை நடீன் ஓட்டினாள். வெர்லின் ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். அறுத்த சோளக் கொல்லையில் ஒரு கலைமான், இவ்வளவு பெரிய கொம்போடு, சாவகாசமாக நின்று இந்த வண்டியைப் பார்த்தது.

"வெர்ல்," என்றாள் நடீன் அன்பாக. "வர்ற வியாழக்கிழமை கிளம்புறதுக்குள்ள என் ஸ்பிரிங்கை எல்லாம் எடுத்த எடத்துலயே திருப்பி மாட்டிடு."

வெர்லின் ஜன்னலிலிருந்து திரும்பினான். "எப்பத் தெரியும்?"

"நேத்து. கட்டைவிரலுக்குத் தெரிஞ்சிது. நீ நாயோட போனதும் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தேன்."

"அப்பவே கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டா, யார் கையிலன்னு நீ மூணு தடவை சொன்னது வீணாப் போயிருக்குமே."

வெர்லின் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். நடீன் கியரை மாற்றினாள்.

"உன் மூணாம் நம்பர்ல ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டியிருந்தே வெர்ல். நான்தான் சரி பண்ணி வெச்சேன். இல்லேன்னா அது என் கையில அடைச்சு, நீ ஜெயிச்சிருப்பே."