போலி மெயிலும் பதினோரு பிரியாணியும்

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ்ல இருக்கிற பதினோரு பேருக்கும் போலி மெயிலை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லித் தரணும்.

எங்களுது திண்டுக்கல்ல தோல் ஏற்றுமதி கம்பெனி. கீழ குடோன், மாடியில ஆபீஸ். பிராட்பேண்ட் வந்த புதுசு. கம்ப்யூட்டருக்குன்னு இருந்த ஒரே ஆளு நான்தான், ஆனா வேலை நிரந்தரமாகல. அது ஆகாம பொண்ணு தர மாட்டோம்னு சேவுகம்பட்டியில ஒரு வீட்ல கறாரா சொல்லிட்டாங்க.

"இவுக யாரும் ஏமாறாம பழக்கிரு அப்பு. உன்னை நிரந்தரமாக்குற ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுர்றேன்"னாரு முதலாளி.

கிளாஸ் எடுத்தேன். போலி மெயில் அவசரப்படுத்தும், ஓசியில ஏதாவது தாரேன்னு சொல்லும், பாஸ்வேர்டு கேக்கும். சந்தேகம் வந்தா தொடாதீங்க, பிரிண்ட் எடுத்து என் டேபிள்ல வச்சிருங்கன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. டெஸ்பாட்ச் அந்தோணிசாமி சார் நோட்டுல எழுதிக்கவே செஞ்சாரு.

அதோட விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. பரீட்சை வச்சுப் பாத்துருவோம்னு தோணிச்சு.

முதலாளி பேர்ல ஒரு எழுத்தைக் கூட்டி புது ஐடி ஆரம்பிச்சேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு எல்லாருக்கும் அனுப்பினேன். "வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல பிரியாணி. மட்டனா, கோழியா? உடனே பதில் போடவும். கூடவே மெயில் பாஸ்வேர்டு."

திண்டுக்கல்ல உக்காந்துக்கிட்டு பிரியாணியை வச்சுப் பரீட்சை வைக்கிறோமேன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

கால்மணி நேரத்துல பத்து பதில் வந்துருச்சு, பத்துலயும் பாஸ்வேர்டு. அந்தோணிசாமி சார் மட்டும் விவரமா எழுதியிருந்தாரு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாராம், சனிக்கிழமைன்னா தோதுப்படுமாம். கீழ அவரு பாஸ்வேர்டு.

பதினோராவது ஆளு டைப்பிஸ்ட் செல்வி அக்கா. அக்காவாவது தப்பிச்சாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்.

எல்லாரையும் கூப்பிட்டு, அது போலி, நான்தான் அனுப்பினேன், பிரியாணியெல்லாம் கிடையாதுன்னு சொன்னேன். ஒருத்தர் மூஞ்சியிலயும் ஈயாடல. அன்னைக்கு மத்தியானம் யாரும் என்கூட சாப்பிட உக்காரல.

அதுக்குள்ள முதலாளி கூப்பிட்டு விட்டாரு. செல்வி அக்கா மெயில்ல பதில் போடல, அவ்வளவுதான். நேரா அவரு ரூமுக்கே போய், "ரொம்ப நன்றிங்கய்யா, எனக்கு மட்டன்"னு சொல்லிட்டு வந்திருக்காங்க.

சோதனைதாங்கய்யான்னு இழுத்தேன்.

"சோதனையோ வேதனையோ, என் பேரைச் சொல்லி ஆசை காட்டிட்ட. இனி இல்லேன்னா எனக்குல்ல அசிங்கம்? சனிக்கிழமையே போட்டுருவோம், அந்தோணியும் சாப்பிடட்டும். அதுக்குள்ள இவுக திருந்தலேன்னா உன் ஆர்டரை மறந்துரு."

மூணு நாள் தொண்டைத்தண்ணி வத்தப் பாடம் எடுத்தேன். பிரியாணி பத்தி மூச்சு விடல. திடீர்னு சொல்லி சந்தோஷப்படுத்தி நல்ல பேரு வாங்கிரணும்னு ஒரு நப்பாசை.

சனிக்கிழமை அண்டா வந்துச்சு. குடோன்ல பந்தி. நானே இலை போட்டு, தயிர் வெங்காயம் வச்சு, முதலாளியையும் உக்கார வச்சிட்டு, குடோன் கம்ப்யூட்டர்ல இருந்து மெயில் போட்டேன். "பிரியாணி ரெடி. ஆறுறதுக்குள்ள உடனே கீழ வாங்க."

யாரும் வரல.

செத்த நேரம் பாத்தோம். திரும்ப ஒரு மெயில் போட்டேன். அப்பவும் படியில செருப்புச் சத்தமே இல்ல. தோல் வாடையில பிரியாணி வாசமும் மாடி ஏறல. முதலாளி வெறும் இலையையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. சேவுகம்பட்டி சம்பந்தம் கைவிட்டுப் போச்சுன்னே நினைச்சேன்.

ரெண்டு பேரும் மேல போனோம். எல்லாரும் அவங்கவங்க டிபன் பாக்ஸைக் கழுவிக் கவுத்திட்டு இருந்தாங்க. என் டேபிள்ல இருபத்திரெண்டு பிரிண்ட். ஒவ்வொண்ணுலயும் சிவப்பு மையில "போலி".

அந்தோணிசாமி சார் எந்திரிச்சு, "ஓசி இருக்கு, அவசரம் இருக்கு, வெள்ளி சனியா மாறியிருக்கு. இனி எங்கள ஏமாத்த முடியாது தம்பி"ன்னாரு.

முதலாளி சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு. நின்ன இடத்துலயே என் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாரு.

அன்னைக்கு நான் கத்துக்கிட்ட பாடம்: பிரியாணி வந்தா மெயில் போடக்கூடாது, அண்டாவை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மூடியைத் திறக்கணும்.