ஜெபிக்கப் போகிறவர்

சபைக்குச் சபை ஓர் இனம் உண்டு. ஜெபிக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. அவர்கள் ஜெபிக்கப் போகிறவர்கள். கொஞ்சம் வேலை குறையட்டும், அவ்வளவுதான்.

தென்காசியில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அருமைநாயகம் இந்த இனத்தில் முதல் வரிசை. விடியும் முன்பே பூப்படம் போட்ட வேதவசனத்தை நூற்று நாற்பது பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார். தாம் அதை வாசிக்க நேரமிருக்காது. கோயில் அசன விருந்துக்குச் சமையல்காரரைப் பிடித்து, மைக் செட்காரரிடம் சண்டை போட்டு, பந்தி பந்தியாக விசாரித்து, கடைசிப் பந்தியில் தாமும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போதுதான் காலை ஆராதனைக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வரும். கர்த்தருக்காகத்தானே ஓடுகிறார்? அவரோடு பேச எங்கே நேரம்?

யார் கஷ்டம் சொன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துல வச்சுக்கிடுதேன்" என்பார். கண் கலங்கும். பொய்யில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும், அதுதான்.

குற்றால சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல்காரி ரூபி அவரிடம் வந்தாள். "அண்ணாச்சி, ஒரு கண்ணு ஏற்கெனவே மங்கல். இப்ப இன்னொண்ணும் மறைக்குது. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபரேஷன். இதுவும் போயிட்டா ஊசியில நூலு கோக்க முடியாது."

அருமைநாயகம் உருகிப்போய், அவள் முன்னாலேயே போனில் அலாரம் வைத்தார்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்தது. குற்றாலம் காட்டாமல் அனுப்ப முடியுமா? பத்து மணிக்கு ஐந்தருவி வரிசையில் அலாரம் அடித்தது. பத்து நிமிடம் தள்ளி வைத்தார். மறுபடி அடித்தபோது, அருவியின் எந்தக் கிளையில் நின்றால் முதுகுவலி போகும் என்று மைத்துனருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை போனை அணைத்தே விட்டார். அதன் பிறகும் நாற்பது நிமிடம் அந்த வரிசையில் சும்மாதான் நின்றார்.

மத்தியானம், குளித்துவிட்டு வந்து, கார் நிறுத்துமிடத்தில் போனை உயிர்ப்பித்துவிட்டு வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்தபோது ரூபி கூப்பிட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. மேசையில படுத்ததும் கைகாலெல்லாம் நடுங்கிச்சு. அண்ணாச்சி இப்ப முழங்கால்ல நிப்பாகன்னு நினைச்சேன். நடுக்கம் நின்னுட்டு."

"ஆமா" என்று சொன்னால் போதும். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். இன்று வாய் வரவில்லை.

"ரூபி, நான் ஜெபிக்கல. அருவிக்கு வந்துட்டேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "தண்ணி நல்லா விழுதா?"

"விழுது."

"சரி, நாளைக்குத்தான் கட்டு அவுக்காக. பார்வை அப்பத்தான் தெரியும். இப்பவே ஜெபிங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ஈர வேட்டியோடு, கார்களுக்கு நடுவில், மைத்துனர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடினார். அசனக் கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு நாலு வாக்கியம்தான் வந்தது. அதிலும் ஒன்று பாதியில் உடைந்தது. "ஆமென்" என்றாள் ரூபி. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் கட்டு அவிழ்த்ததும், எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் ரூபி மணி பார்த்துச் சொன்னாளாம்.

இப்போதெல்லாம் அருமைநாயகம் கடையின் ஷட்டரைத் தூக்குமுன் கண்மூடி நிற்கிறார். வாரத்தில் நான்கு நாள். மற்ற நாளில் வேலை அதிகம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஒருவரிடம் போன வாரம் நீங்களும் "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, அவர் பெயர் என்ன?