மாமனார் வைத்த செடி

செடி மூன்றாம் நாளே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

வாயில் பிரஷும் நுரையுமாக மாமரத்தடியில் குனிந்து நின்றார் மாப்பிள்ளை. முந்தின நாள் விறைப்பாக நின்ற இலைகளெல்லாம் இப்போது ஈரத் துணி மாதிரி தொங்கின.

"ஏங்க, கடைக்கு நேரமாகலையா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"செடி வாடிடுச்சு."

"செடிதானே."

"உங்கப்பா செடி."

மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

செடியின் பெயர் ஹைட்ரேஞ்சியா. குளிர் தேசத்துச் சரக்கு. பந்து பந்தாக நீலப் பூ பூக்குமாம். மாமனார் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தாரே தவிர, சொந்த நிலத்தில் ஒரு விதை ஊன்றியதில்லை. அப்படிப்பட்டவர், மூத்த மகளின் பிரசவத்துக்காக மாமியாரோடு இரண்டு மாதம் வெளியூர் கிளம்புவதற்கு முந்தின நாள் இதை வாங்கி வந்து, தோட்டத்திலேயே இருட்டான இடமாகப் பார்த்து, மாமரத்தடியில் நட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வரும்போது இது பூத்திருக்கணும் மாப்பிள்ளை."

குரல் தழுதழுத்தது.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவர். 'முடியாது' என்று யாரிடமும் சொல்லிப் பழகாதவர். கடையில் அவருக்கு 'சரிங்க' என்றே பெயர். அன்றும் "சரிங்க மாமா" என்றார்.

மாமரமோ மாமியாருடையது. தலைமையாசிரியையாக இருந்தவர். மூத்த மகள் பிறந்த வாரம் தன் கையால் நட்ட மரம். அதில் ஒரு இலை உதிர்ந்தால் அவருக்குத் தெரியும். யாராவது பறித்தால் அதைவிடச் சீக்கிரம் தெரியும்.

வாடிய செடிக்கு மாப்பிள்ளை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் இரண்டு குடம். ஒரு வாரத்தில் இலைகள் மஞ்சளாகின. நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"தண்ணி தேங்கி வேர் அழுகுது. தோண்டி, அடியில சரளை போட்டு நடுங்க. ஆழமாத் தோண்டணும்."

மாப்பிள்ளை ஆழமாகத் தோண்டினார். கடப்பாரை வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைத் தொட்டது. தோட்டம் குளமானது, வீடு காய்ந்தது. குழாய் ரிப்பேர்க்காரர் வருவதற்கு இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் மனைவி அவரிடம் பேசவில்லை. வாளியை மட்டும் நீட்டினாள்.

மாமனார் தினமும் சாயங்காலம் போன் செய்தார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"இருக்கு மாமா."

"வெளிச்சம் போதலையோ என்னவோ. எனக்கென்ன தெரியும், சும்மா சொன்னேன்."

நர்சரிக்காரரும் அதையேதான் சொன்னார். "இப்படி இருட்டுல வச்சா எப்படிப் பூக்கும்? காலை வெயில் வேணும். கிழக்குப் பக்கக் கிளை ஒண்ணைக் கழிச்சு விடுங்க."

ஒரே ஒரு கிளை. மாமியார் வருவதற்குள் தளிர்த்து மறைந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மாப்பிள்ளை ஏணி வைத்து ஏறினார். கிளை அவர் நினைத்த பக்கம் விழவில்லை. துணி உலர்த்தும் கம்பியை இழுத்துக்கொண்டு சுற்றுச்சுவர் மேல் போய் உட்கார்ந்தது. சுவரில் ஆறு செங்கல் காணாமல் போயின.

வெயில் வந்தது. காலையில் மட்டும் வரச் சொன்ன வெயில் மத்தியானமும் இருந்தது. இலைகளின் ஓரம் கருகியது.

அதற்குப் பிறகு அவர் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கடையிலிருந்து சைக்கிளில் பறந்து வந்து, செடிக்குக் குடை விரித்துவிட்டு, பறந்து திரும்பினார். அந்த அவசரத்தில் ஒரு வக்கீலின் லென்ஸையும் ஒரு தையல்காரரின் லென்ஸையும் மாற்றி மாட்டிக் கொடுத்தார். வக்கீல் நீதிமன்றப் படியில் தடுக்கி விழுந்தார். தையல்காரர் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்தார்.

"உனக்கு வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று முதலாளி தணிந்த குரலில் விசாரித்தார்.

"செடி சார்."

முதலாளி அவரை ஒரு வாரம் லீவில் அனுப்பினார்.

லீவில் இருந்தபோதுதான் காற்று அடித்தது. ஒரு பக்கக் கிளை போன மாமரம் மறுபக்கம் பாரம் தாங்காமல் அடியில் பிளந்து, வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். அவர் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இனி நிக்காது சார். நாம வெட்டணும், இல்ல அதுவா விழணும்."

"கட்டிப்போட்டு எப்படியாவது காப்பாத்த முடியாதா?"

"கூரையைக் காப்பாத்தலாம்."

மாப்பிள்ளை மாடிப் படியில் உட்கார்ந்து, ரம்பச் சத்தத்தைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். சாயங்காலம் தோட்டத்தில் என்றுமில்லாத வெளிச்சம். அதன் நடுவே ஹைட்ரேஞ்சியா ஒரு குச்சியும் ஒன்றரை இலையுமாக நின்றது. அந்த அரை இலையும் ராத்திரிக்குள் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள்.

மாமியார் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வெட்டுண்ட அடிமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்காக வெட்டினீங்க?"

கூரை, காற்று, குழாய், வக்கீல் என்று எல்லாம் மாப்பிள்ளையின் தொண்டை வரை வந்து நின்றன. கை மட்டும் நீண்டு குச்சியைக் காட்டியது.

மாமியார் குச்சியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகளிடம், "இனிமே இவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா உன்கிட்ட சொல்றேன். நீ சொல்லிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அதைப் பார்க்க மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க மாமா."

மாமனார் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, விடுவிடுவென்று போய்விட்டார்.

கட்டைகளை வண்டியில் ஏற்ற மரம் வெட்டுகிறவர் வந்தபோது, மாப்பிள்ளை குச்சிக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை மரமும் போச்சு, மாமா செடியும் போச்சு. பெரியவர் மனசை உடைச்சிட்டேனே."

மரம் வெட்டுகிறவர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அழாதீங்க சார், ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளே பெரியவர் என்கிட்ட வந்து, 'இருபது வருஷமா இந்த மரத்தை வெட்டணும்னு சொல்றேன், வீட்டுல விட மாட்டேங்கிறா, ரெண்டு மாசத்துக்குள்ள எங்க மாப்பிள்ளை கூப்பிடுவாரு, ஏன்னு கேக்காம வந்துடு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."