நான்கு நாள் நீடித்த வெள்ளிக்கிழமை

காலத்தை வென்றவர்கள் என்று எத்தனையோ பேரைப் பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையிலேயே காலத்தை வென்றது எங்கள் மாநிலச் சட்டமன்றம்தான். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஏணி.

கூட்டத்தொடர் வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கலைந்தாக வேண்டும். அது சட்டம். ஐந்து ஐம்பத்திரண்டுக்கும் மசோதா விவாதத்தில்தான் இருந்தது. சபாநாயகர் ஆர்வில் ஸ்டாம்ப்பர் கண்ணைக் காட்டினார். தலைமை எழுத்தர் வெர்னிட்டா ஏணியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினாள். இருபத்திரண்டு வருட வேலையில் ஐந்தாவது முறை. பட்ஜெட்டுக்காக மூன்று முறை, மான் வேட்டைக் காலத்தை நீட்டிக்க ஒரு முறை. அந்தக் கடிகாரத்தில் ஆறு அடிக்காதவரை ஆறு ஆகவில்லை. இது ஏமாற்று வேலை அல்ல, 'மரபு'.

கருக்கலைப்புக்கு இருந்த பன்னிரண்டு வார வரம்பை ஆறாகக் குறைப்பது மசோதா. மீறும் மருத்துவருக்குச் சிறை. நிறைவேறினால் வெள்ளி காலையிலிருந்தே செல்லும். இடைஞ்சல் ஒரே ஒரு பிரிவுதான். மாநிலம் ஒன்று சொல்லி, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு வேறு சொன்னால் யார் பெரியவர்?

உறுப்பினர் ராய்ஸ் ஹாடக் இதை இரண்டு மணி நேரம் விளக்கினார்.

"ஆயிரம் மைல் தள்ளி உக்காந்திருக்கவனுக்கு நம்ம வீட்டு விஷயம் என்னங்க தெரியும்?"

வாஷிங்டனே இதை முழுசாகத் தடை செய்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார்.

"அப்ப அவங்க சொல்றதக் கேட்டுத்தான் ஆகணும். நாடுன்னு ஒண்ணு இருக்குல்ல."

இந்த உயர்ந்த தத்துவத்துக்குச் 'சமநிலைப் பிரிவு' என்று பெயர் வைத்தார்கள். எதிர்வரிசையினரும் கொள்கையில் இளைத்தவர்கள் அல்லர். ஐம்பது வருடம் வாஷிங்டனையே நம்பச் சொன்னவர்கள், இப்போது மாநில உரிமைக்காகக் குரல் தழுதழுக்கப் பேசினார்கள்.

சனிக்கிழமைக் காலை உணவு, வெள்ளி மாலைச் சிற்றுண்டி என்று அவைக் குறிப்பில் ஏறியது. ஞாயிறு காலை பாதிரியார் வந்து வெள்ளி மாலைக்காக ஜெபித்தார். ஹாடக் ஒரே மாலையில் மூன்று முறை சவரம் செய்துகொண்டார். அனைத்தையும் வெர்னிட்டாவே எழுதினாள்.

அவள் மகள் கெண்ட்ரா வெள்ளி மதியமே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஆசையாகச் சுமந்த பிள்ளை. ஸ்கேனில் மண்டை ஓடு உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்தது. அன்று அவளுக்குப் பதினொரு வாரமும் நான்கு நாளும். திங்களோடு பன்னிரண்டு வாரம் முடியும். அதற்குப் பின் பழைய சட்டப்படியும் எந்த மருத்துவரும் தொட முடியாது. மசோதா நிறைவேறினால் இன்று செய்ததும் குற்றமாகிவிடும், சபை கலையட்டும், பிறகு செய்கிறோம் என்றார் ஆஸ்பத்திரி வக்கீல். எட்டு நிமிட விஷயம்தானே. ஊர் நூற்றைம்பது மைல் என்பதால் கெண்ட்ரா காரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்தாள்.

திங்கள் மதியம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அங்க மணி என்ன?"

"அஞ்சு அம்பத்திரண்டு."

"இன்னுமா?"

வெர்னிட்டா சபாநாயகரின் மேசைக்குப் போனாள். விதிப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அவருக்கு அதன் அட்டை பழக்கம்.

"ஐயா, நடைமுறையில ஒரு சந்தேகம். இங்க இன்னும் வெள்ளிக்கிழமைதானே?"

"அதுல என்னம்மா சந்தேகம்?"

"அப்ப என் பொண்ணுக்கு இன்னும் பதினொரு வாரம் நாலு நாள்தான். அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஒரு கடுதாசி குடுத்துடுங்க."

ஹாடக் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். ஸ்டாம்ப்பர் சுத்தியலைத் தட்டினார்.

"இந்தக் கடிகாரம் இந்த மண்டபத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். கர்ப்பப்பை இந்தச் சபையோட அதிகார எல்லைக்கு வெளிய இருக்கு. இது என் தீர்ப்பு."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வெர்னிட்டா ஒரு சொல் விடாமல் எழுதினாள். அவைக் குறிப்பை வாசிக்காமலே ஏற்பது அங்கே வழக்கம். ஒருமனதாக ஏற்றார்கள். அடுத்தது மசோதா மீது வாக்கெடுப்பு என்றார் ஸ்டாம்ப்பர்.

"முடியாதுங்கய்யா. மசோதாவே கர்ப்பப்பையைப் பத்தினதுதானே. அதிகாரத்துக்கு வெளியன்னு தீர்ப்பானத அதே நாள்ல ஓட்டுக்கு விடக் கூடாது. அறுபத்தொன்பதாவது விதி."

"சரி, நாளைக்கு வச்சுக்குவோம்."

"தாராளமா. நாளைக்கு வரணும்னா கடிகாரம் ஓடணும். ஓடினா எட்டு நிமிஷத்துல சபை கலைஞ்சிரும்."

ஹாடக் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போக ஆசை எல்லோருக்கும் இருந்தது. வெர்னிட்டா ஏணியில் ஏறினாள்.

ஆறு அடித்தபோது வெளியே மதியம் இரண்டே முக்கால். நான்கு மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"கூப்பிட்டுட்டாங்கம்மா. உள்ள போறேன்."

வெர்னிட்டா கடைசி வரியை எழுதிக் கையெழுத்திட்டாள்: 'வெள்ளி மாலை ஆறு மணிக்கு, ஒரு நிமிடத் தாமதமும் இன்றிச் சபை கலைந்தது.'

சனி, ஞாயிறு, திங்கள் என்ற நாட்கள் அந்த வாரம் எங்கள் மாநிலத்தில் வரவே இல்லை. அதற்கு அரசு ஆவணம் இருக்கிறது. கெண்ட்ரா அவற்றைக் காருக்குள் கழித்தாள்.